பீன்ஸ் நாற்றில் உயிர்க்கடிகாரத்தைப் பார்ப்பது எப்படி

சேலத்தில் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலை மடக்குவது வெளிச்சம் குறைவதால் மட்டுமல்ல. உள்ளே ஓடும் கடிகாரமும் அதை நடத்துகிறது. 1729இல் பிரான்சின் விஞ்ஞானி டி மெரான் தொட்டாற்சுருங்கி வகைச் செடியை இருட்டில் வைத்தும் இலைகள் நேரத்துக்கு விரிந்து மூடுவதைக் கண்டார். வீட்டில் பார்க்க பீன்ஸ் நல்லது.

செடி பீன்ஸ் விதையாகக் கேட்டு வாங்குங்கள். கொடி வகையின் தண்டு சுழன்று வளர்வதால் கோணம் அளப்பது பிழையாகும். விதையை 8 மணி நேரம் ஊறவைத்து, மண்ணும் தேங்காய் நார்த்தூளும் சமமாகக் கலந்த தொட்டியில் 2 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். வெயிலில் வளர்ந்து முதல் இரண்டு இலைகளும் நன்கு விரிந்ததும் உள்ளறைக்கு மாற்றி, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, 3 அடி உயரத்தில் 9 வாட் எல்இடி பல்பை அணைக்காமல் எரியவிடுங்கள். மணிக்கணக்கில் மின்வெட்டு வந்தால் அதுவே செடிக்கு இரவாகிவிடும்; இன்வெர்ட்டர் இணைப்பு தேவை. செல்போனைப் பக்கவாட்டில் நிறுத்தி 15 நிமிடத்துக்கு ஒரு படமாக 3 நாள் எடுத்து, பாகைமானியால் இலைக்கோணத்தை அளந்து வரைபடம் போடுங்கள். பீன்ஸின் சுற்று 24 மணியைத் தாண்டும் என்பதால் இலை நிமிரும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும்.

சேலத்தில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் வெப்பம்தான். மொட்டை மாடி அறை பகலில் சூடேறி இரவில் தணியும். அந்த ஏற்ற இறக்கமே கடிகாரத்துக்கு மணி சொல்லிவிடும். கீழ்த்தள அறையில், 2 டிகிரிக்கு மேல் மாறாதபடி வையுங்கள். சீரான குளிர் கெடுதல் இல்லை. 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் செய்தாலும் சுற்றின் நீளம் பெரிதாக மாறாது. வெப்பநிலையை ஈடுகட்டும் திறன் கடிகாரத்துக்கே உண்டு. தண்ணீரையும் தினம் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள்; அதுவும் மணி சொல்லிவிடலாம்.

இலையும் காம்பும் சேரும் புடைப்பில்தான் அசைவு. கீழ்ப்பக்கச் செல்களுக்குள் பொட்டாசியம் புகுந்தால் நீரும் புகுந்து உப்பும், இலை எழும், வெளியேறினால் தொங்கும். ஒவ்வொரு செல்லுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், காலையில் பெருகும் சிசிஏ1, எல்எச்ஒய் புரதங்கள் மாலைக்குரிய டிஓசி1 மரபணுவை அடக்கும்; மாலையில் டிஓசி1 அவற்றை அடக்கும். விலங்குகளின் மூளையிலிருப்பது போன்ற தலைமைக் கடிகாரம் செடிக்கு இல்லை. அண்டைச் செல்கள் ஒன்றையொன்று லேசாக இழுத்து ஒத்துப்போகின்றன. தண்டுப் பகுதியிலிருந்து வேருக்குப் போகும் இஎல்எஃப்4 புரதம் வேரின் கடிகார வேகத்தைத் திருத்துகிறது.

செல்களுக்கு இடையிலான இந்தப் பிடி தளர்வானது. தினசரி வெயில் நேர்செய்யாதபோது செல்கள் மெல்ல விலக, இலையின் ஆட்டம் சுருங்கும். ஆகவே பல இலைகளின் கோணங்களைக் கூட்டிச் சராசரி போடாதீர்கள்: எதிரெதிராக ஆடும் இரு இலைகளின் சராசரி நேர்கோடாகத் தெரியும். இலைக்கொரு கோடாக வரையுங்கள். கோடு தட்டையானால் தொட்டியைச் சில நாள் வெளியில் வைத்துப் பாருங்கள். ஆட்டம் திரும்பினால் செல்கள் விலகியிருந்தது காரணமாக இருக்கலாம்; ஆனால் நின்ற கடிகாரத்தையும் வெயில் மீண்டும் ஓட்டக்கூடும் என்பதால் இதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.