இரத்த ஓட்டம் தடைபட்ட பார்வை நரம்பு: எந்தப் படத்தை எப்போது எடுப்பது

ஐம்பதைத் தாண்டியவர், காலையில் எழுந்ததிலிருந்து ஒரு கண்ணில் கீழ்ப்பாதி தெரியவில்லை, வலியும் இல்லை என்று வந்தால், பார்வை நரம்பின் முனைக்கு இரத்தம் போவது தடைபட்டிருக்கலாம். சர்க்கரை நோய் பரவலான மொரீஷியஸில் இதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

பாவையை (கண்மணியை) விரிக்கும் சொட்டு மருந்து விடும் முன் இரு கண்களிலும் மாற்றி மாற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பாதித்த கண்ணுக்கு ஒளி வந்ததும் பாவை விரிந்தால் நரம்பில் கோளாறு. பாவையை விரித்துவிட்டால் இந்தச் சோதனை அன்றைக்குக் கிடையாது. எந்தெந்தப் பகுதி தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனையையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி, தலை சீவினால் எரிச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், தலைக்குப் போகும் தமனிகளின் அழற்சியால் தடை வந்திருக்கலாம்; அன்றே இஎஸ்ஆர், சிஆர்பி என்ற அழற்சிக்கான இரத்தச் சோதனைகளைப் பார்த்து, ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். எந்தப் படத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது. இந்தத் தமனி அழற்சி ஐரோப்பிய வழியினரிடமே அதிகம் என்றாலும், நம்மவருக்கு வராது என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த கண்ணும் சில நாட்களிலேயே போய்விடலாம்.

கண்ணின் உட்புறத்தை, பார்வை நரம்பின் முனையான நரம்பு வட்டோடு காட்டும் வண்ணப் படம் இரு கண்களுக்கும் வேண்டும். நல்ல கண்ணில் நரம்பு வட்டின் குழி மிகச் சிறியதாக இருந்தால், அழற்சியில்லாத வகைக்கு அது சான்று. வீங்கிய வட்டு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் தமனி அழற்சியைச் சந்தேகியுங்கள்.

விழித்திரையின் படலங்களை ஒளியால் அளக்கும் ஓசிடியில்தான் தவறு அதிகம் நடக்கிறது. வட்டைச் சுற்றியுள்ள நரம்பிழைப் படலம், மாக்குலாவின் (விழித்திரை மையத்தின்) கேங்லியன் நரம்புச் செல் படலம் இரண்டையும் எடுங்கள். சிர்ரஸ் என்ற ஓசிடி கருவியில் சிக்னல் (படத்தின் தரம்) 10-க்கு 6-க்குக் கீழே என்றால் செயற்கைக் கண்ணீர் விட்டு, இமைக்கச் சொல்லி மறுபடி எடுங்கள். வீக்கத்தில் கருவி வட்டின் நடுவைத் தவறவிடும். கருவி வரையும் எல்லைக் கோடுகள் படலத்தின் மீதே போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நரம்பிழைப் படலத்தின் இயல்பான சராசரி ஏறத்தாழ 90 முதல் 100 மைக்ரான். வீக்கத்தில் அது ஏறும், பிறகு இரண்டு மூன்று மாதத்தில் மெலியும். இறங்கும் வழியில் ஒரு கட்டத்தில் பச்சை நிறத்தில் ‘இயல்பு’ என்றே காட்டும். அதை நம்பி நோயாளிக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். கேங்லியன் படலம் சில வாரங்களிலேயே மெலியத் தொடங்குவதால் உண்மையை முன்கூட்டிச் சொல்லும். முதல் படம் குவாத்ர் போர்னில் தனியார் கருவியில், அடுத்தது மோக்காவின் சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனையில் வேறு கருவியில் என்றால் எண்களை ஒப்பிட முடியாது.

தமனி அழற்சிச் சந்தேகம் இருந்தால், சாயம் ஏற்றிக் கண்ணின் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் ஃப்ளூரசீன் ஆஞ்சியோ உதவும். ஒவ்வாமை கேட்டு, அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, 10% ஃப்ளூரசீன் கரைசல் 5 மில்லியைச் சிரையில் (இரத்தக் குழாயில்) ஏற்றுங்கள். சாயம் கண்ணுக்கு வரும் முன்பே, பாதித்த கண்ணில் படமெடுக்கத் தொடங்குங்கள். முதல் நொடிகள் போனால் திரும்பக் கிடைக்காது. விழித்திரைக்குப் பின்னுள்ள கோராய்டு பெரும்பகுதி இருண்டே கிடந்தால் அழற்சி வகை. சிறுநீர் ஒரு நாள் மஞ்சளாகப் போகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகும் வீக்கம் வடியவில்லை என்றால் இந்த நோய்தானா என்று மறுபடி யோசித்து, மூளைக்கும் கண்குழிக்கும் எம்ஆர்ஐ எழுதுங்கள்.