கச்சான் காலத்தில் ஊருக்கு வருவோருக்கு: இரும்புலை, மரக்கரி, காடு

யூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு மட்டக்களப்பில் வந்து இறங்குபவர்கள் முதலில் திட்டுவது கச்சான் காற்றைத்தான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் ஈரத்தை உதறிவிட்டு இந்தப் பக்கம் கச்சானாக இறங்குகிறது. பலாங்கொடைக்குத் தெற்கே, சமனலவெவப் பகுதியில், இதே பருவக்காற்று துருத்தியே இல்லாமல் இரும்புலைகளை ஊதியிருக்கிறது. மேற்குப் பார்த்த மேட்டு விளிம்புகளில் உலைகளைக் கட்டி, ஏறத்தாழ கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு எடுத்தார்கள். அகழாய்வு செய்த கில் ஜூலெஃப், அதே மாதிரி உலை ஒன்றைக் கட்டி இரும்பு எடுத்துப் பார்த்து, முடிவை 1996இல் வெளியிட்டார்.

ஏ-4 வீதி மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை வழியாகப் பலாங்கொடைக்கே போகிறது. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். வழியில் ஓரிரவு தங்குங்கள்.

இரும்பைப் பார்க்கப் போகிறவர்கள் மரத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் குறை. இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். பழைய உலைகள் எட்டியது சுமார் 1200. அந்தச் சூட்டில் கனிமத்தின் கழிவான கசடு உருகி ஓடும், இரும்பு நுரைக்கட்டியாக அடியில் தங்கும், பிறகு அடித்துத்தான் எடுக்க வேண்டும். கரி வெறும் எரிபொருளும் அல்ல. கனிமத்திலிருந்து ஒட்சிசனைப் பிரித்தெடுப்பதும் அதிலிருந்து வரும் வாயுதான். மண் மூடிச் சுடும் சூளையில் ஒரு கிலோ கரிக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த விறகு போய்விடும். கரியைத் தூரம் சுமந்தால் நொறுங்கித் தூளாகும். அதனால் காடு உள்ள இடத்துக்கு உலை போனது.

அதற்காக, காடழிவை எல்லாம் கொல்லன் தலையில் கட்டிவிடாதீர்கள். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் பல மரங்கள் திரும்பத் தளிர்க்கும். சில பத்தாண்டு விட்டால் மீண்டும் விறகு கிடைக்கும். வெட்டிய இடத்தில் சேனைப் பயிர்ச்செய்கையும் தீயும் மாடும் மாறி மாறி வந்தால்தான் காடு பற்றையாகிறது. இங்கினியாகலையில் படகேறிக் கல்லோயாத் தேசிய பூங்காவைப் பார்ப்பவர்கள் நெல்லி, கடுக்காய், தான்றி நிற்கும் புல்வெளிகளைக் கவனிக்கலாம். வழிகாட்டி யாராவது “இதெல்லாம் இரும்புக்கு வெட்டினது” என்றால், ஆதாரம் என்ன என்று கேளுங்கள்.

வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் பெருங்கற்காலப் புதைகுழிகள் உள்ளன. வெருகல் கோயிலுக்குப் போகும் பாதைதான், பலர் நிற்காமல் போய்விடுகிறார்கள். பெருங்கற்காலம் என்பது இந்தத் தீவில் இரும்புப் புழக்கத்தோடு சேர்ந்த காலம். வேடரும் கொல்லரும் பண்டமாற்றிய கதையும் உண்டு. இரவில் இறைச்சியைக் கொல்லன் பட்டறையில் தொங்கவிட்டு, வேண்டிய அம்புமுனையின் வடிவத்தில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்களாம். 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதியது இது.

உறவினர் ஊரில் பட்டறை இருந்தால் காலையிலேயே போங்கள். உலைக்கு என்ன கரி, மரக்கரியா சிரட்டைக்கரியா, எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நல்ல கொல்லர் கரியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்.

பழைய இடங்களில் கிடக்கும் கசடு பாரமாக, உருகி ஓடிய வரிகளோடு இருக்கும். கிறவல் கல்லோடு மாறிப்போகும், கவனம். எதுவானாலும் படம் எடுத்துவிட்டு அங்கேயே வையுங்கள். தொல்பொருளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது 1940ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பட்டறையில் புதுத் தாக்கத்தி வாங்கினால், அலகைத் துணியால் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.