வண்டிக் கண்ணாடியில் மஞ்சள் உறை: கவுன்சில் பார்க்கிங் ஃபைன் வந்தால் என்ன செய்வது?

வேலை முடிந்து களைப்பாக வண்டியைத் தேடி வருகிறீர்கள், முன் கண்ணாடியில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கிறது. இங்கிலாந்துக்கு வந்த முதல் வருடத்தில் நம்மவர்களில் நிறையப் பேருக்கு இது நடக்கிறது. சிலர் பதறிப்போய் அன்று இரவே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சிலர் அந்த உறையை ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவிட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வகை ஆட்கள் கட்டவே தேவையில்லாத பணத்தைக் கட்டியிருக்கலாம், இரண்டாவது வகை ஆட்கள் 35 பவுண்டில் முடிந்திருக்க வேண்டியதை நூற்றுக்கணக்கில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நடைமுறை வேறு.

முதலில் செய்ய வேண்டியது: வண்டியை அங்கிருந்து எடுப்பதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். வண்டி நிற்கும் இடம், சக்கரத்துக்குக் கீழே இருக்கும் கோடு, பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் போர்டு, போர்டை மரக்கிளை மறைத்திருந்தால் அதுவும், கோடு அழிந்து போயிருந்தால் அதுவும், டிக்கெட் மெஷின் வேலை செய்யவில்லை என்றால் அதன் திரையும். மழையோ குளிரோ பார்க்காதீர்கள், இரண்டு நிமிட வேலை. மறுநாள் போய் எடுத்தால் எல்லாம் மாறியிருக்கும். டிக்கெட் வைத்த அதிகாரி இன்னும் தெருவில் நின்றால் அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வைத்த டிக்கெட்டை அவரால் திரும்ப எடுக்க முடியாது, நீங்கள் பேசியது அவருடைய குறிப்பில் ஏறும், அவ்வளவுதான்.

அடுத்து, அது யார் கொடுத்த டிக்கெட் என்று பாருங்கள். கவுன்சில், அதாவது அந்த ஊரின் உள்ளாட்சி நிர்வாகம், கொடுப்பது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி, ரீடெயில் பார்க் மாதிரி இடங்களில் தனியார் கம்பெனி கொடுப்பது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டுக்கும் சுருக்கம் பிசிஎன் என்றே வருகிறது, உறையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தாளில் கவுன்சில் பெயர் இருக்கிறதா, கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தனியார் டிக்கெட் ஒரு பில் மாதிரி. அதை எதிர்க்கும் வழி வேறு, அந்தக் கதையை இங்கே எடுக்கவில்லை.

கவுன்சில் டிக்கெட் என்றால் ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். இது குற்ற வழக்கு இல்லை, லைசென்ஸில் பாயிண்ட் ஏறாது. 2004ஆம் வருடத்து போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வருகிற ஒரு சிவில் அபராதம். ஆனால் ஓட்டியவர் யாராக இருந்தாலும் பொறுப்பு வண்டியின் சொந்தக்காரருக்குத்தான் வரும். நண்பருக்கு வண்டி கொடுத்து அவர் டிக்கெட் வாங்கி வந்தால் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

இப்போது பணமும் நாட்களும். லண்டனுக்கு வெளியே பெரும்பாலான ஊர்களில் முழு அபராதம் 70 பவுண்டு அல்லது 50 பவுண்டு, தவறு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து. இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்தினால் பெரியது, காசு கட்டிய நேரம் தாண்டிவிட்டால் சின்னது. லண்டனில் 160 பவுண்டு வரை போகும். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. அந்த 14 நாளில் டிக்கெட் வைத்த நாளும் சேர்த்தி, மறுநாளிலிருந்து எண்ணிவிட்டு ஒரு நாளில் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவில் பிடித்து தபாலில் வரும் பார்க்கிங் டிக்கெட் என்றால் பாதிக் கட்டணத்துக்கு 21 நாள். டிக்கெட் கையில் கிடைத்த அன்றே போன் காலண்டரில் பன்னிரண்டாவது நாளுக்கு ஒரு அலாரம் வைத்துவிடுங்கள்.

கட்டுவதா எதிர்ப்பதா என்று முடிவெடுப்பதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள்: பணம் கட்டினால் கேஸ் முடிந்தது. கட்டிவிட்டு அப்புறம் அப்பீல் பண்ணலாம் என்பது கிடையாது. அதே போல, எதிர்த்து எழுதினால் பாதிக் கட்டணம் போய்விடும் என்று பயந்து கட்டவும் வேண்டாம். 14 நாளுக்குள் நீங்கள் எழுதிவிட்டால், அதை நிராகரித்தாலும் பாதிக் கட்டணத்தில் கட்ட மறுபடி 14 நாள் கொடுப்பதுதான் கவுன்சில்களின் வழக்கம். பதில் கடிதத்திலேயே அதைச் சொல்லியிருப்பார்கள். ஆகவே நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் முதல் கட்டத்தில் எழுதிப் பார்ப்பதில் நஷ்டமே இல்லை.

எழுதுவதற்கு முன் கவுன்சில் தளத்தில் டிக்கெட் எண்ணையும் வண்டி நம்பரையும் போட்டு, அதிகாரி எடுத்த போட்டோக்களைப் பாருங்கள். அவர் எப்போதிலிருந்து எப்போது வரை வண்டியைக் கவனித்தார் என்பது டிக்கெட்டில் இருக்கும், காரணத்துக்கு ஒரு குறியீட்டு எண்ணும் இருக்கும். 01 என்றால் தடை நேரத்தில் மஞ்சள் கோட்டில் நின்றது, 05 என்றால் காசு கட்டிய நேரம் முடிந்த பிறகும் நின்றது, 40 என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் நீல அட்டை இல்லாமல் நின்றது. இந்த 05 வகையில் ஒரு விதி நிறையப் பேருக்குத் தெரியாது: இங்கிலாந்தில், காசு கட்டியோ அனுமதியோடோ நிறுத்திய இடத்தில், நேரம் முடிந்த பிறகு 10 நிமிடம் சலுகை உண்டு. ஐந்து முப்பதுக்கு முடிந்த டிக்கெட்டுக்கு ஐந்து முப்பத்தெட்டுக்கு ஃபைன் போட்டிருந்தால் அது செல்லாது. மஞ்சள் கோட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

என்ன சொன்னால் எடுபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "நாட்டுக்குப் புதிது, எனக்குத் தெரியாது", "ஐந்து நிமிடம்தான் போனேன்", "மற்ற வண்டிகளும் நின்றன". இந்த மூன்றும் நம் ஆட்கள் அதிகம் எழுதுவது, மூன்றுமே காரணமாகாது. எடுபடுவது: போர்டு இல்லை அல்லது படிக்க முடியவில்லை, காசு கட்டியிருக்கிறேன் ஆனால் ஆப்பில் வண்டி நம்பரில் ஒரு எழுத்து தவறிவிட்டது, வண்டி பிரேக்டவுன், திடீர் மருத்துவ அவசரம், அந்தத் தேதியில் வண்டி என்னுடையதே இல்லை, சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

சாமான் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரூம் மாற்றிக்கொண்டே இருக்கும் புதியவர்களுக்கு அதிகம் உதவுவது இதுதான். மஞ்சள் கோட்டில் வண்டியை நிறுத்தி கனமான சாமான் ஏற்றி இறக்கப் பொதுவாக அனுமதி உண்டு. நடைபாதை ஓரக்கல்லின் மேல் குறுக்காகச் சின்ன மஞ்சள் கோடுகள் போட்டிருந்தால் மட்டும் அதற்கும் தடை: அந்தக் கோடு ஜோடியாக இருந்தால் எந்நேரமும், ஒற்றையாக இருந்தால் பக்கத்துப் போர்டில் சொல்லும் நேரத்தில். நான் ஒரு சனிக்கிழமை மூன்றாவது மாடி வீட்டுக்கு மாறும்போது ஒற்றை மஞ்சள் கோட்டில் வண்டியை விட்டு அரிசி மூட்டை, மிக்ஸி, புத்தகப் பெட்டி என்று ஏற்றிக்கொண்டிருந்தேன், நான்காவது தடவை இறங்கி வரும்போது உறை ஒட்டியிருந்தது. ஓரக்கல்லில் ஒரு கோடும் இல்லை. அன்று தொடங்கும் வாடகை ஒப்பந்தம், பின் சீட்டில் பெட்டிகளோடு வண்டி நிற்கும் போட்டோ, உதவிக்கு வந்த நண்பர் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம், இந்த மூன்றையும் சேர்த்து எழுதினேன். முதல் பதில் நிராகரிப்பு. என் போட்டோக்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. அன்று கட்டியிருந்தால் பாதியோடு போயிருக்கும். விடவில்லை, அடுத்த கட்டத்தில் அதே சான்றுகளோடு மறுபடி எழுதினேன், ரத்து செய்துவிட்டார்கள்.

அந்த அடுத்த கட்டம் என்ன என்றால், 28 நாளில் நீங்கள் கட்டவில்லை என்றால் வண்டியின் சொந்தக்காரர் பெயருக்கு நோட்டீஸ் டு ஓனர் என்ற கடிதம் வரும். இதற்குப் பதில் எழுத 28 நாள். இதுதான் முறையான ஆட்சேபம். இந்தக் கட்டத்தில் பாதிக் கட்டணம் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். நீங்கள் எழுதிய பிறகு 56 நாளுக்குள் கவுன்சில் பதில் தர வேண்டும், தராவிட்டால் உங்கள் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தபாலில் வந்த கேமரா டிக்கெட்டில் முதல் கட்டம் இல்லை, அந்தக் கடிதமே நேராக இந்தக் கட்டம்தான்.

எழுதும்போது அழுது எழுத வேண்டாம், கோபமும் வேண்டாம். தேதி, நேரம், தெரு, என்ன நடந்தது, எந்த விதிப்படி இது தவறான டிக்கெட், இணைத்திருக்கும் சான்றுகள். "மாலை 5.20க்கு வண்டியை நிறுத்தி 6.20 வரை ஆப்பில் காசு கட்டினேன். ரசீது இணைத்திருக்கிறேன். வண்டி நம்பரில் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்தை அடித்துவிட்டேன். கவுன்சிலுக்குச் சேர வேண்டிய பணம் முழுதும் சேர்ந்துவிட்டது. ஆகவே டிக்கெட்டை ரத்து செய்யும்படி கேட்கிறேன்." இவ்வளவு போதும். ஆங்கிலம் இலக்கணமாக வரவேண்டும் என்ற கவலையே வேண்டாம், நேரமும் சான்றும் தெளிவாக இருந்தால் போதும். பொய் மட்டும் எழுதாதீர்கள், அவர்களிடம் போட்டோ இருக்கிறது.

இதையும் நிராகரித்தால் கவுன்சிலைத் தாண்டி தனி நடுவரிடம் போகலாம். லண்டன் என்றால் லண்டன் ட்ரிப்யூனல்ஸ், மற்ற ஊர்களுக்கும் வேல்ஸுக்கும் ட்ராஃபிக் பெனால்டி ட்ரிப்யூனல். 28 நாளுக்குள் போட வேண்டும், எப்படிப் போடுவது என்பது நிராகரிப்புக் கடிதத்திலேயே இருக்கும். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் போடலாம். ட்ரிப்யூனல் என்ற பெயரைக் கேட்டே பின்வாங்குபவர்கள்தான் நம்மிடம் அதிகம். தோற்றாலும் அதே முழு அபராதத்தைத்தான் கட்டப் போகிறீர்கள்.

எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். முதலில் சார்ஜ் சர்டிஃபிகேட் வரும், தொகை ஒன்றரை மடங்காகும்: 70 என்பது 105, 160 என்பது 240. அப்புறம் நார்தாம்ப்டனில் இருக்கும் ட்ராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் கடனாகப் பதிவாகும். அதற்கு அப்புறம் பெய்லிஃப், அதாவது கடனை வசூலிக்க வீட்டுக்கே வரும் ஆட்கள், அவர்களுடைய கட்டணம் தனி.

என் நண்பர் ஒருவருக்கு இந்த முழுச் சங்கிலியும் அவருக்குத் தெரியாமலேயே நடந்தது. வந்த புதிதில் வாங்கிய பழைய கார், லாக் புக் என்கிற வண்டிப் பதிவுச் சான்றில் முதல் ரூமின் முகவரி, அதற்குப் பிறகு மூன்று வீடு மாறிவிட்டார், கடிதங்கள் எல்லாம் பழைய வீட்டின் வாசலில் கிடந்தன. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சக்கரத்தில் க்ளாம்ப், வண்டியை நகர்த்த முடியாதபடி பூட்டு. ஆகவே வீடு மாறினால் முதல் வாரத்திலேயே வண்டிப் பதிவையும் லைசென்ஸையும் பார்க்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவின் தளத்தில் வி5சி லாக் புக்கின் முகவரியையும் லைசென்ஸின் முகவரியையும் தனித்தனியாக மாற்றுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. இரண்டும் இலவசம்.

ஏற்கெனவே இந்த நிலைக்கு வந்துவிட்டால், நோட்டீஸ் டு ஓனர் உங்கள் கைக்கு வரவே இல்லை என்பது உண்மையானால், டிஈ9 என்ற படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம். கெடு தாண்டிவிட்டால் அதோடு டிஈ7ம் சேர்த்து. ஏற்றுக்கொண்டால் கேஸ் பழைய கட்டத்துக்குத் திரும்பும். வாசலுக்கு வரும் பெய்லிஃபை வீட்டுக்குள் விட வேண்டிய கட்டாயம் இல்லை, பார்க்கிங் கடனுக்காக முதல் தடவை வருபவர் கதவை உடைத்து உள்ளே வரவும் முடியாது.

லண்டனில் வெம்ப்லி பக்கம் குடியேறுபவர்களுக்கு மட்டும் ஒன்று. ஸ்டேடியத்தில் மேட்சோ கச்சேரியோ இருக்கும் நாளில், மற்ற நாட்களில் சும்மா நிறுத்தும் தெருக்களிலும் பெர்மிட் இல்லாமல் நிறுத்த முடியாது. ஈலிங் ரோட்டுக்குச் சாமான் வாங்கப் போவதற்கு முன் அன்று ஈவன்ட் டேயா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் கவுன்சில் முகவரியை நீங்களே பிரவுசரில் டைப் செய்து போங்கள். "உங்கள் பார்க்கிங் ஃபைன் பாக்கி இருக்கிறது, இந்த லிங்கில் கட்டுங்கள்" என்று போனுக்கு வரும் எஸ்எம்எஸ் மோசடி, அதை 7726க்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு அழித்துவிடுங்கள். மெஷினில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடும் வேண்டாம், மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிக் கார்டு விவரம் திருடுகிறார்கள். கட்டிய ரசீதை மெயிலில் வைத்திருங்கள், இரண்டு நாள் கழித்து அதே தளத்தில் டிக்கெட் எண்ணைப் போட்டு பாக்கி பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று பார்த்து, அந்தத் திரையையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.