ஈத்தர்நெட் கேபிள் வாங்கும்போது கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் புது வீடு கட்டுகிறவர்களுக்கு மின்சார வயரிங்கோடு இணையக் கேபிளும் இழுத்துக் கொடுப்பது என் தொழில். "அண்ணே, கேட் 8 போட்டால் வேகம் கூடுமா?" என்று கேட்காத வீட்டுக்காரர் குறைவு. கூடாது. 'கேட்' (கேட்டகரி) என்பது ஈத்தர்நெட் கேபிளின் தரவகை. நிறுவனம் தரும் வேகத்தைச் சிந்தாமல் கொண்டு சேர்ப்பது மட்டுமே கேபிளின் வேலை. 300 மெகாபிட் திட்டம் வைத்திருக்கும் வீட்டில் எவ்வளவு உயர்ந்த கேபிளைப் போட்டாலும் 300தான் வரும். ஆனால் மட்டமான கேபிள் அந்த 300ஐ நூறுக்குக் கீழே இறக்கிவிடும். நம் கவனம் அங்கேதான் இருக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே கேட் 5இ இருந்தால் பிடுங்க வேண்டாம். 100 மீட்டர் தூரம்வரை 1 ஜிகாபிட்டை, அதாவது 1000 மெகாபிட்டை, தாராளமாகக் கொண்டு செல்லும். 2016இல் வந்த தரவிதிப்படி அதே கேபிளில் 2.5 ஜிகாபிட்கூட ஓடும். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6 வாங்குங்கள். ஏறக்குறைய 55 மீட்டர்வரை அது 10 ஜிகாபிட் தாங்கும். மாடி வீட்டில்கூட ரவுட்டரிலிருந்து கடைசி அறைக்கு அவ்வளவு நீளம் தேவைப்படுவது அரிது. கேட் 6ஏ அதே வேகத்தை 100 மீட்டருக்குத் தரும் என்றாலும் தடிமனானது, சுவருக்குள் இருக்கும் குறுகிய பைப்பில் வளைந்து போக அடம்பிடிக்கும். ரவுட்டரில் செருகும் சாதாரண ஆர்ஜே45 முனையோடு கேட் 7 என்று விற்பதை நான் வாங்கச் சொல்வதில்லை. அந்தத் தரம் எழுதப்பட்டது வேறு வகை முனைகளுக்காக. கேட் 8 சர்வர் கணினிகள் நிறைந்த டேட்டா சென்டர்களுக்கானது. அதன் முழு வேகமும் 30 மீட்டருக்குள் முடிந்துவிடும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி. கடையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். உறையில் 'சிசிஏ' என்று பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, நுனியில் ஓர் அங்குலம் உறையை உரியுங்கள். எட்டுக் கம்பிகளில் ஒன்றின் பிளாஸ்டிக்கை நீக்கி, பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருந்தால் செம்பு. உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அதே கம்பியை முன்னும் பின்னும் சில தடவை மடக்குங்கள். அலுமினியம் சீக்கிரமே 'டக்'கென்று ஒடிந்துவிடும். முழுப் பெட்டியாக, அதாவது 305 மீட்டர் சுருளாக வாங்குகிறவர்கள் செம்புப் பெட்டியையும் அலுமினியப் பெட்டியையும் தூக்கிப் பார்த்தாலே கனத்தில் வேறுபாடு தெரியும்.

அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கண்காணிப்புக் கேமராவை அதில் மாட்டினால் கேபிள் சூடேறும், நீளமான இடத்தில் கேமரா அணைந்து அணைந்து எரியும். சுவருக்குள் பூசி மறைத்த கேபிள் ஒடிந்தால் மாற்றுவதற்குப் படும் பாட்டை நினைத்தால், செம்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரிதே இல்லை.

நம் மாவட்டத்தில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று உப்புக்காற்று. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் திறந்து கிடக்கும் முனைகளில் சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிவிடுகிறது. இணைப்பு விட்டுவிட்டு வரும், ஆளுக்கு ஆள் ரவுட்டரைக் குறை சொல்வார்கள். வெளிச்சுவரில் முனையை விடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் மூடியுள்ள பெட்டிக்குள், துளை கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வெயில் படும் இடத்தில் வெளிப்புறத்துக்கென்றே செய்த கறுப்பு உறைக் கேபிளைப் பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும்.

இன்னொன்று மின்னல். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சித்திரை மாலைகளிலும் ஐப்பசியிலும் இடி இறங்குவதைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரிய வீட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்குத் திறந்தவெளியில் செம்புக் கேபிள் இழுக்கவே இழுக்காதீர்கள். அருகில் மின்னல் விழுந்தால்கூட இரு முனைகளிலும் உள்ள கருவிகள் கருகிவிடலாம். அந்த இடத்தில் உலோகக் கம்பி சேராத ஃபைபர் போட்டு, இரு பக்கமும் ஃபைபரைச் சாதாரண ஈத்தர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ரப்பர் தோட்டத்தில் 100 மீட்டரைத் தாண்டும் தூரத்துக்கும் இதுவே வழி.

இழுக்கும்போது இணையக் கேபிளுக்குத் தனிப் பைப் கொடுங்கள். மின்சார வயரோடு ஒரே பைப்பில் போடுவது ஆபத்து. மூலையில் சுருக்கென்று மடக்காமல், கேபிளின் தடிமனைப்போல் நான்கு மடங்கு ஆரத்திலாவது வளையுங்கள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகளும் இரண்டிரண்டாக, நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும்; முனையில் அந்த முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் ஏறாமல் காப்பது அந்த முறுக்குதான். இரு முனைகளிலும் நிறவரிசை ஒன்றாக இருக்கட்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

பெயின்ட் அடிப்பதற்கு முன் சோதித்துவிடுங்கள். விளக்கு எரியும் டெஸ்டர் கம்பி தொடர்ந்து இருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். மடிக்கணினியைச் செருகி, நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். ஜிகாபிட் ரவுட்டரும் ஜிகாபிட் மடிக்கணினியும் இருந்தால் 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினாலோ, வேகச் சோதனை எப்போதும் 94, 95லேயே நின்றாலோ, நான்கு ஜோடிகளில் ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். பெரும்பாலும் முனையை வெட்டிப் புதிதாக அடித்தால் சரியாகிவிடும். ஒவ்வோர் அறையிலும் 1000 வந்த பிறகு, வேலை செய்தவருக்கு மீதிக் கூலியைக் கொடுங்கள்.