வி-ஃபோரும் வி-இஃபும் ஒரே டேக்கில் வேண்டாம்

மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடைக்கு, இணையப் பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான வியூவில் (Vue) விலைப்பட்டியல் செய்கிறீர்கள் என்று வையுங்கள். சாரன், சேலை, படுக்கை விரிப்பு என 40 உருப்படிகள். கையிருப்பு முடிந்தவை தெரியக்கூடாது. வி-ஃபோர் (v-for) ஒவ்வொரு உருப்படிக்கும் டேக்கைத் திரும்ப எழுதும், வி-இஃப் (v-if) நிபந்தனை பொருந்தினால் மட்டும் டேக்கைக் காட்டும். பட்டியலின் ஒரு வரியான எல்ஐ (li) டேக்கிலேயே இரண்டையும் சேர்த்து எழுதத்தான் முதலில் கை போகும். அங்கேதான் சிக்கல்.

வியூ 2இல் வி-ஃபோர் முந்தும். நிபந்தனை ஒவ்வொரு உருப்படிக்கும் பார்க்கப்படும். 3 சேலைதான் காட்ட வேண்டுமென்றாலும் ஒவ்வொரு ரெண்டரிலும், அதாவது பக்கத்தை வரையும்போதெல்லாம், 40ஐயும் சுற்றும். 2020 செப்டெம்பரில் வந்த வியூ 3இல் வரிசை தலைகீழ். வி-இஃப் முந்துவதால், அந்த இடத்தில் உருப்படி என்ற மாறியே இருக்காது. அதன் கையிருப்பைக் கேட்டதும் பிழை எறியும், பட்டியல் வராது. வியூ 2இன் பராமரிப்பு 2023 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. பழைய தளத்தை மாற்றுபவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த வரிகளைத்தான்.

எழுதுமுன் ஒன்றை முடிவுசெய்யுங்கள்: நிபந்தனை உருப்படியைப் பற்றியதா, முழுப் பட்டியலைப் பற்றியதா?

உருப்படியைப் பற்றியதென்றால், மற்றத் தரவிலிருந்து கணித்து வைக்கும் மதிப்பான கம்பியூட்டட் (computed) ஒன்றில் ஃபில்டர் செய்து (வடிகட்டி), வி-ஃபோரை அதன்மேல் ஓட்டுங்கள். மூலத்தரவு மாறும்போது மட்டும் அது மீண்டும் கணிக்கப்படும். விலை வரிசையும் வேண்டுமா? முதலில் ஃபில்டர், பிறகு சோர்ட் (வரிசைப்படுத்தல்). ஃபில்டர் புதிய அரே (பட்டியல்) தரும். சோர்ட் கையில் கிடைத்த அரேயையே கலைத்துவிடும். வடிகட்டிய பட்டியலின் இன்டெக்ஸை (வரிசை எண்ணை) வைத்து மூலப் பட்டியலில் எதையும் அழிக்காதீர்கள், வேறு சேலை போய்விடும். உருப்படியின் குறியீட்டு இலக்கத்தால் தேடி அழியுங்கள்.

முழுப் பட்டியலைப் பற்றியதென்றால் வி-இஃப் எல்ஐ வரிகளைச் சுற்றியுள்ள யூஎல் (ul) டேக்குக்குப் போகட்டும். 'இப்போது கையிருப்பில் இல்லை' என்ற வரிக்கு, வி-இஃப் பொருந்தாதபோது காட்டும் வி-எல்ஸ் (v-else). இரண்டுக்கும் நடுவே வேறு டேக் நுழைந்தால் வி-எல்ஸ் வேலை செய்யாது. நீளம் பார்க்க வேண்டியது வடிகட்டிய பட்டியலில். மூலப் பட்டியலில் பார்த்தால் எல்லாம் விற்றுத் தீர்ந்த நாளில் வெறும் பக்கம்தான் தெரியும். தரவு வந்துசேராத நிலையையும் தனியாகப் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் பொத்துவிலில் மெதுவான இணைப்பில் திறக்கிறவருக்கு, கடையில் சரக்கே இல்லை என்று ஒரு கணம் பொய் சொல்லிவிடும்.

தீர்ந்ததை மறைக்காமல், விலைக்குப் பதில் 'முடிந்தது' என்று காட்டலாம். அப்போது பக்கத்தில் தெரியாத உறையான டெம்ப்ளேட் (template) டேக்கில் வி-ஃபோர், உள்ளே வி-இஃபும் வி-எல்ஸும். ஒவ்வொரு உருப்படியையும் வியூ அடையாளம் காணும் கீ (key), வியூ 3இல் அந்த டெம்ப்ளேட் டேக்கிலேயே வரும். வியூ 2இல் உள்ளேயுள்ள டேக்குகளில். கீயாக இன்டெக்ஸைக் கொடுத்தால், நடுவில் ஓர் உருப்படி மறையும்போது வாடிக்கையாளர் சாரனுக்கு அடித்த எண்ணிக்கை அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். இங்கும் குறியீட்டு இலக்கமே சரி.

அடிக்கடி மறைத்துக் காட்டுவதற்கு வி-ஷோ (v-show) உண்டு. அது வி-ஃபோருடன் ஒரே டேக்கில் இருக்கலாம். டேக் பக்கத்தில் இருந்தபடியே சிஎஸ்எஸ்ஸால் மறையும். டெம்ப்ளேட் டேக்கில் மட்டும் வேலை செய்யாது.