ஜர்னல் பேரிங் சூடாகிறதா? முதலில் ஆயில் வரத்தைப் பாருங்கள்

ஜர்னல் பேரிங்கின் (சுழலும் ஷாஃப்டை மெல்லிய ஆயில் படலத்தின் மேல் தாங்கும் பேரிங்) வெப்பநிலை ஏறியதும் பலர் செய்யும் முதல் வேலை, ஆயில் கூலரில் தண்ணீரைக் கூட்டிவிடுவது. அதைத் தொடுவதற்கு முன் மூன்று வெப்பநிலைகளை ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: உள்ளே போகும் ஆயில், வெளியே வரும் ஆயில், பேரிங்கின் உட்புறத்தில் பூசியிருக்கும் மென்மையான பேபிட் உலோகம். இதில் வெளியே வரும் ஆயிலை மட்டும் வைத்து முடிவெடுக்கவே கூடாது. படலத்துக்குள் போகாமல் பக்கவாட்டில் வழிந்த குளிர்ந்த ஆயிலும் அதில் கலந்துதான் வருகிறது, அதனால் பேபிட் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் அந்த அளவு சாதுவாகத்தான் இருக்கும்.

சுழலும் ஷாஃப்ட் இழுத்துப் போகும் ஆயில் படலம் தனக்குள்ளேயே உரசிச் சூடாகிறது, அந்தச் சூட்டில் பெரும்பகுதியை வெளியே எடுத்துப் போவதும் அதே ஆயில்தான். டர்பைன் ஆயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடி 1 டிகிரி ஏறினால், சுமார் 28 வாட் வெளியேறுகிறது. 10 லிட்டர் ஓடி 20 டிகிரி ஏறினால் 5.6 கிலோவாட். இப்போது ஓட்டம் பாதியாகிவிட்டது என்று வையுங்கள், அந்த 20 டிகிரி ஏற்றம் 40-ஐ நோக்கிப் போகும். ஆயில் மெலிந்து உரசல் கொஞ்சம் குறைவதால் முழுசாக 40 ஆகாமல் போகலாம், ஆனால் படலம் மெலிவதே அடுத்த ஆபத்து.

அதனால் அழுத்தத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெயின் லைனில் கேஜ் சரியாகக் காட்டும், பேரிங்குக்குப் போகும் ஓரிஃபிஸ் (ஆயிலை அளவாக விடும் சிறு துளை) மட்டும் அழுக்கில் பாதி அடைத்திருக்கும். முடிந்தால் ஓட்டத்தையே அளங்கள், முடியாவிட்டால் பக்கத்துப் பேரிங்கோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, ஓரிஃபிஸ் வழியாக அழுத்தத்தை இரு மடங்காக்கினாலும் ஓட்டம் சுமார் 1.4 மடங்குதான் ஆகும். ஆயில் பற்றாமல் தவிக்கும் பேரிங்கில் ஓட்டத்தைக் கூட்டினால் வெப்பம் நன்றாக இறங்கும், போதுமான அளவு கிடைத்த பிறகு ஊற்றுவதெல்லாம் பக்கவாட்டில் வழியும், வேகமான இயந்திரத்தில் கடைபட்டு மின்சாரத்தைத் தின்னும்.

சரி, ஆயிலைக் குளிரவைத்தால்? இறங்கும், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. உள்ளே போகும் ஆயிலை 10 டிகிரி குறைத்தால் அது கெட்டியாகி அதிகமாக உரசுகிறது, ஆகவே பேபிட்டில் 10 டிகிரி முழுதாக இறங்காது. பல டர்பைன் இயந்திரங்களில் 40 முதல் 50 டிகிரிக்குள் ஆயில் கொடுப்பது வழக்கம். அதற்குக் கீழே தள்ளினால், சுமை குறைந்த பேரிங்கில் ஷாஃப்ட் ஆயிலோடு சேர்ந்து சுழன்றாடும் அதிர்வு கிளம்பலாம், வெப்பத்தைவிட அது மோசமான தலைவலி.

ஆயில் எந்த இடத்தில் நுழைகிறது என்பதும் முக்கியம். 1883-இல் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்த பீச்சம் டவர், சுமை தாங்கும் பக்கத்தில் இருந்த துளை வழியே ஆயில் வெளியே தள்ளப்படுவதைக் கண்டார், அடைத்த அடைப்பானையும் அது தள்ளிவிட்டது. படலத்தின் அழுத்தம் அப்படிப்பட்டது. அதனால் ஷெல்லை, அதாவது பேபிட் பூசிய பேரிங் கூட்டை, மாற்றும்போது வரத்துத் துளையும் பள்ளமும் சுமையில்லாத பக்கத்தில் இருக்கின்றனவா, திருப்பிப் போட்டுவிட்டார்களா என்று கண்ணால் பாருங்கள். பேட் எனப்படும் தனித்தனித் துண்டுகள் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கில் ஒரு பேடைக் கடந்த சூடான ஆயில் ஷாஃப்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த பேடுக்கும் போகும். புது ஆயிலை ஒவ்வொரு பேடின் முன் விளிம்பிலேயே நேராகக் கொடுக்கும் அமைப்பு இந்த இடத்தில்தான் உதவுகிறது.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, வெப்பநிலை நிலைக்கும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். அலாரம், ட்ரிப் (இயந்திரம் தானாக நிற்பது) அளவுகளுக்கு உற்பத்தியாளர் சொன்னதைத் தாண்டாதீர்கள். வரத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பேபிட் வெப்பம் திடீரென எகிறி, தானாகவே இறங்கி, வேறொரு அளவில் நின்றால் சரியாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம், உலோகம் தேய்ந்து இழுபட்டிருக்க வாய்ப்பு அதிகம், நிறுத்தித் திறந்து பாருங்கள்.