இரண்டு குப்பியைக் கலந்தால் அது கூட்டுத் தடுப்பூசி ஆகாது

பரமத்தி பக்கம் ஒரு பண்ணையில் கண்ணால் பார்த்தது இது. தடுப்பூசி போடும் ஆள் லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக் குப்பியைத் திறந்து கரைத்தார், தனியாக வாங்கி வைத்திருந்த ஐபி (மூச்சுக்குழாயைத் தாக்கும் பிராங்கைட்டிஸ் நோய்) தடுப்பூசியையும் அதிலேயே ஊற்றினார், ஒரு குலுக்குக் குலுக்கி குஞ்சுகளின் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்துவிட்டார். கேட்டதற்கு, "ஒருக்கா புடிச்சாப் போதுமுங்களே" என்றார். அவர் கஷ்டம் புரிகிறது. பத்தாயிரம் குஞ்சை இரண்டு முறை பிடிப்பது கூலிக்கும் கேடு, குஞ்சுக்கும் கேடு. ஆனால் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கிற, அதிகம் நஷ்டம் தருகிற தவறும் இதுதான்.

வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டாவும் சரி, ஐபி தடுப்பூசியும் சரி, இரண்டிலும் இருப்பது உயிருள்ள வைரஸ். உள்ளே போய்ப் பெருகினால்தான் எதிர்ப்பு சக்தி வரும், இரண்டும் பெருகுவதோ அதே மூச்சுக்குழாய்ச் சவ்வில். ஐபி வைரஸ் அளவு மிஞ்சிவிட்டால் லசோட்டாவுக்கு அங்கே இடம் கிடைக்காது, வெள்ளைக்கழிச்சலுக்கான காப்பு குறைந்துவிடும். கடையில் ஒரே குப்பியாக வரும் கூட்டுத் தடுப்பூசியில் எந்த வைரஸ் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கோழிகளில் போட்டுப் பார்த்து முடிவு செய்திருப்பார்கள். அதை வாங்கிப் போடுங்கள், கையால் கலக்காதீர்கள். தடுப்பூசியை உருவாக்குகிற இடத்திலும் இதே தவறுக்கு வாய்ப்பு உண்டு: தனியாகப் போட்டபோது வேலை செய்த அளவு, சேர்த்துப் போட்டாலும் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்வது. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாக, நிஜ நோய்க்கிருமியைக் கொடுத்துச் சோதிக்காமல் அது தெரியவே தெரியாது.

மேரக்ஸ் என்பது கோழிக்குக் கட்டிகளையும் வாதத்தையும் தரும் வைரஸ் நோய். பொரிப்பகத்தில் முதல் நாள் போடும் மேரக்ஸ் தடுப்பூசியிலும் இதே கதை. மேரக்ஸைத் தடுக்கும் வான்கோழி ஹெர்பெஸ் வைரஸுக்குள், அதாவது எச்விடிக்குள், கம்போரோ (குஞ்சின் எதிர்ப்பு சக்தியைக் கெடுக்கும் நோய்) வைரஸின் மரபணுவைப் புகுத்திய தடுப்பூசி ஒன்று இருக்கிறது, வெள்ளைக்கழிச்சல் மரபணுவைப் புகுத்தியது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மூன்று நோயும் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒரே வைரஸ் என்பதால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். அதனால்தான் ஒரே எச்விடிக்குள் இரண்டு மரபணுவையும் வைத்த தடுப்பூசிகளை உருவாக்க வேண்டி வந்தது. அதே சமயம், கலந்தாலே கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம். எச்விடியோடு எஸ்பி-1 என்ற இன்னொரு மேரக்ஸ் தடுப்பூசி வைரஸைச் சேர்த்தால் மேரக்ஸுக்கு எதிராக இரண்டும் தனித்தனியாகத் தருவதைவிட நல்ல காப்பு கிடைக்கிறது. எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான். எது சேரும், எது சேராது என்பதை ஊகிக்க முடியாது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் கம்போரோ. அந்த வைரஸ் தாக்குவது கழிவுத்துவாரத்துக்கு மேலே இருக்கும் பர்சா என்ற உறுப்பை, எதிர்ப்பொருள் உருவாக்கும் செல்கள் வளர்வதே அங்கேதான். வீரியம் அதிகமான கம்போரோ தடுப்பூசியைத் தேவையில்லாமல் போட்டால் பர்சா அடிபட்டு, பின்னால் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் சரியாக எடுக்காது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் உச்சத்தில் இருக்கும்போது வீரியம் குறைந்ததைப் போட்டாலோ, அது பெருகும் முன்பே அழிந்துவிடும். ஆக ஒரு அட்டவணையை வாங்கி எல்லா பேட்ச்சுக்கும் அப்படியே ஓட்டுவது சரிவராது.

முட்டைக்கு வருமுன் 16 முதல் 18 வாரத்தில் போடும் எண்ணெய் ஊசி வேறு மாதிரி. வெள்ளைக்கழிச்சல், ஐபி, முட்டையைத் திடீரெனக் குறைக்கும் ஈடிஎஸ் மூன்றும் அதில் கொல்லப்பட்ட நிலையில் இருப்பதால் பெருகிச் சண்டை போடாது. பிரச்சினை இடம்தான். ஒரு கோழிக்குப் போவது அரை மில்லி, அதில் ஒவ்வொரு நோயாகச் சேர்க்கச் சேர்க்க மற்றதற்கு இடம் சுருங்கும், செறிவூட்டாமல் சேர்த்தால் லேபிளில் நாலு பெயர் இருக்கும், காப்பு இருக்காது. பண்ணையில் இதை ஃப்ரீஸரில் வைத்துவிடாதீர்கள், உறைந்தால் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும். நன்றாகக் குலுக்கிய பிறகும் அடியில் நீர் தனியாக நின்றால் அந்தப் பாட்டிலைப் போடவே கூடாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே குத்துவதும் வேண்டாம் (சில்லென்றிருக்கும் எண்ணெய் கெட்டியாக இருக்கும், குத்திய இடம் வீங்கும்), அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள்.

ஐபியில் இன்னொரு சிக்கல், அது பல வகை. மாசசூசெட்ஸ் வகைக்கான தடுப்பூசி 4/91 வகையை முழுதாகத் தடுக்காது, உங்கள் பகுதியில் எது சுற்றுகிறது என்று தெரியாமல் குப்பியில் ஐபி என்று எழுதியிருக்கிறது என்பதற்காக நிம்மதியாக இருக்க முடியாது.

கடைசியாக, ரத்தப் பரிசோதனை. கூட்டுத் தடுப்பூசி போட்டுவிட்டு, செலவு குறைவு என்பதால் வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் எச்ஐ (ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு, அதாவது டைட்டர் பார்க்கும் சோதனை) பார்த்து, "டைட்டர் நல்லா இருக்கு, எல்லாம் எடுத்துடுச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள். பார்க்காமல் விட்ட நோயில்தான் ஓட்டை இருக்கும். எண்ணெய் ஊசி போட்டு நாலு வாரம் கழித்து ரத்தம் எடுத்து, ஊசியில் இருக்கும் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்தில் எழுதிக் கொடுங்கள்.